சென்னை வெயிலில் ஆர்க்கிட் வளருமா?

கேள்வி இதுதான். சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் உங்களுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் வந்திருக்கிறது. இரண்டு மாதம் பூ நின்றது. பூ உதிர்ந்த பிறகு இலைகள் ஒவ்வொன்றாகத் தொய்ந்து விழுந்து, இப்போது இரண்டே இலை மிச்சம். "இதெல்லாம் ஊட்டிச் செடி, நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது, தூக்கிப் போடு" என்கிறார் அம்மா. செடியைக் காப்பாற்ற முடியுமா, நம் ஊரில் ஆர்க்கிட் வளர்க்க முடியுமா, முடியும் என்றால் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா சொன்னது ஒரு வகைக்கு முழுக்கச் சரி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தொட்டி தொட்டியாகப் பூத்து நிற்கும் சிம்பிடியம், குளிர் கேட்கிற செடிதான். அதன் மூதாதை இனங்கள் பலவும் இமயமலைச் சரிவுகளில் வளர்பவை. இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் பூந்தண்டு விடும். அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் இலை விடுமே தவிரப் பூக்காது. ஆனால் ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறக்குறைய 28,000 இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலச் செடிகள். உங்களிடம் இருக்கும் ஃபலனாப்சிஸின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் பக்கத்துக் காடுகள். நர்சரிகளில் அதிகம் விற்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு மூலமான இனங்களில் ஒன்று வட ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வளர்வது. வாண்டா டெஸலேட்டா நம் கிழக்குத் தொடர்ச்சி மலை மரங்களிலேயே தொற்றி வளர்கிறது. இவற்றுக்குச் சென்னையின் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் பழக்கப்பட்ட சூழல். ஊட்டியில் இருப்பவர்தான் டென்ட்ரோபியத்தைப் பூக்கவைக்கப் பாடுபட வேண்டும்.

உங்கள் செடி வாடியதற்கு வெயில் காரணமாக இருக்காது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், வேர் அழுகியிருக்கிறது. ஆர்க்கிட் விஷயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பூவையும் இலையையும் பார்த்து வளர்க்காதீர்கள், வேரைப் பார்த்து வளருங்கள். வேர் நன்றாக இருந்தால் மற்றவை தானாக வரும்.

இந்தச் செடிகள் காட்டில் மண்ணில் வளர்வதில்லை. மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, பட்டையின் மேலேயே வேரை ஓடவிட்டு வாழ்கின்றன. மரத்திலிருந்து சாறு எதையும் உறிஞ்சுவதில்லை, நிற்பதற்கு ஓர் இடம்தான் அவற்றுக்குத் தேவை. அதனால் புல்லுருவியோடு சேர்த்துப் பேச வேண்டாம். மழை பெய்யும்போது வேர் முழுக்க நனையும். மழை நின்றதும் காற்றில் சீக்கிரமே உலர்ந்துவிடும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடப்பதற்கென்றே அந்த வேர் அமைந்திருக்கிறது. வாண்டாவின் வேர் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்டப் பென்சில் கனம் இருக்கும். காய்ந்த நிலையில் வெள்ளி கலந்த சாம்பல் நிறம், நுனியில் மட்டும் ஓர் அங்குலத்துக்குப் பளபளப்பான பச்சை அல்லது ஊதா. அதன் மேல் தண்ணீர் தெளித்தால், ஈரம் பட்ட இடமெல்லாம் உங்கள் கண்ணெதிரே பச்சையாக மாறும். வேரைச் சுற்றி வெலமென் என்று ஓர் உறை இருக்கிறது. இறந்த செல்களால் ஆன, பஞ்சு போன்ற அடுக்கு அது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிரம்பியிருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் ஏறியதும் கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் பச்சையத்தைக் காட்டுகிறது. எப்போது தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு வேரே பதில் சொல்லிவிடுகிறது. பச்சையாக இருந்தால் தாகம் இல்லை, வெள்ளையாக இருந்தால் தாகம்.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். பரிசாக வரும் ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் மாஸ் எனப்படும் ஸ்பாக்னம் பாசியை இறுக்கமாக அடைத்த சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் வரும். குளிரூட்டிய கூடத்தில் வளர்த்து லாரியில் அனுப்புவதற்கு அது வசதி. நம் வீட்டில் அதுவே எமன். மேல்பாசி காய்ந்து தெரியும், நடுப்பகுதி வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அங்கே காற்று போகாமல் வேர் மூச்சுமுட்டி அழுகும். வேர் போனபின் செடிக்குத் தண்ணீர் குடிக்க வழியில்லை, இலை தொய்ந்துவிடும். பார்ப்பவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். தொட்டி ஈரமாக இருக்கும்போதே இலை தொய்ந்தால் அது வேர் அழுகல், சந்தேகமே வேண்டாம்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பாசி முழுவதையும் தண்ணீரில் அலசிப் பிரியுங்கள். நட்ட நடுவில் குட்டிப் பருவத்தில் வைத்த சின்னப் பாசி உருண்டையோ வலைக்கூடோ இருக்கக்கூடும், அதையும் பொறுமையாக எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நிறம் பழுப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம். அழுத்தினால் சப்பையாகி, உறை உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, செத்ததை வெட்டுங்கள். வெட்டிய வாயில் மட்டும் இலவங்கப்பட்டைப் பொடி தொட்டு வையுங்கள். நல்ல வேரில் அது படக் கூடாது, வேரை உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, மரக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்து, செடி ஆடாத அளவு சின்னத் தொட்டியில் வையுங்கள். தொட்டி கண்ணாடி போல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்காக இருந்தால் வேரைக் கண்காணிக்க வசதி. உயிருள்ள வேர் ஒன்றுகூட இல்லையென்றால், அடியில் கொஞ்சம் ஈரப்பாசி போட்ட பிளாஸ்டிக் பையில், பாசியைச் செடி தொடாமல் தொங்கவிட்டு, வாய் லேசாகத் திறந்தபடி வெளிச்சமான நிழலில் வையுங்கள். புது வேர் எட்டிப் பார்க்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை உரம் கூடாது. நடுக்குருத்து பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கருத்திருந்தால் நம்பிக்கை குறைவு. பச்சையாக இருந்தால், இரண்டு இலை செடி பிழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மறுபடி பூக்க ஓரிரு ஆண்டு ஆகும், அவசரப்படுத்த முடியாது.

அந்த இடைவெளியில் வேறொன்று வாங்கி வளருங்கள். சென்னைக்கு முதல் செடி என்று கேட்டால் யோசிக்காமல் டென்ட்ரோபியம் என்பேன். சோனியா என்ற ஊதா-வெள்ளைக் கலப்பினத்தைக் கல்யாண மேடை அலங்காரங்களில் பார்த்திருப்பீர்கள். தாய்லாந்திலிருந்து உலகமெங்கும் போகும் வெட்டுமலர் அது. நம் மொட்டை மாடியிலும் பூக்கும். ஒரு தண்டு ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும், நல்ல செடி ஆண்டில் பலமுறை பூக்கும். அடுத்து வாண்டா, மொக்காரா. இவற்றுக்கு இன்னும் அதிக வெளிச்சமும் தினசரித் தண்ணீரும் வேண்டும், அதனால் காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தவர்களுக்குத்தான் சரிப்படும். பென்சில் வாண்டா எனப்படும், குச்சி போன்ற இலை கொண்டவை முழு வெயிலையே தாங்கும். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் பூத்து 1893-இல் உலகுக்கு அறிமுகமான கலப்பினம் இந்த வகைதான். 1981-இல் அதைத் தேசிய மலராக அறிவித்தார்கள். ஃபலனாப்சிஸ் மூன்றாவது. வெளிச்சம் வரும் சன்னலோரத்தில், வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது நல்ல துணை. ஆன்சிடியத்தில் மஞ்சள் பூ மழையாகக் கொட்டும் வகைகளும் இங்கே வரும். சிம்பிடியத்தை மட்டும் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வெளிச்சத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "என் செடி நன்றாக வளர்கிறது, ஆனால் பூக்கவே மாட்டேன் என்கிறது" என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் குறை இங்கேதான் இருக்கிறது. கிழக்குப் பார்த்த பால்கனி உங்களுடையது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. காலை ஏழு மணியிலிருந்து பத்து, பத்தரை வரை விழும் வெயில் டென்ட்ரோபியத்துக்குப் பிடித்தமானது. மேற்குப் பார்த்தது என்றால் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். மொட்டை மாடியிலும் அதே வலைதான், சித்திரை, வைகாசியில் மட்டும் இன்னோர் அடுக்கு சேர்க்கலாம். வடக்குப் பார்த்த பால்கனியில் டென்ட்ரோபியம் பூக்காது. அங்கே ஃபலனாப்சிஸ் வையுங்கள், அதற்கு நேர் வெயில் வேண்டாம். புத்தகம் படிக்கத் தாராளமாகப் போதுகிற வெளிச்சம் என்று நமக்குத் தோன்றுவது ஆர்க்கிடுக்கு இருட்டுதான். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ். ஃபலனாப்சிஸுக்கு 10,000 லக்ஸாவது வேண்டும், டென்ட்ரோபியத்துக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம், இலை போதும். கரும்பச்சையாக, நீண்டு, தொங்கலாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. நம் கண்ணுக்கு அதுதான் செழிப்பாகத் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது. இளம்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடினால் மிகச் சரி. ஓரத்தில் செம்மை ஏறினால் எல்லையைத் தொட்டிருக்கிறது. நடு இலையில் வெள்ளையாகத் தழும்பு விழுந்து பிறகு கருத்தால் வெயில் சுட்டிருக்கிறது. அந்த இலையை வெட்ட வேண்டாம், இருக்கும் பச்சை செடிக்கு உதவும். இடம் மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாமல் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு நகர்த்துங்கள். மத்தியானம் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் நிழலோ காற்றோட்டமோ கூட்ட வேண்டும்.

தொட்டியில் மண் கூடாது. தோட்டத்து மண், மண்புழு உரம், கோகோபீட் தூள் எதுவும் கூடாது. இவ்வளவு தூரம் படித்தவருக்குக் காரணம் புரிந்திருக்கும். சென்னைக்கு எனக்குப் பிடித்த கலவை மரக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும், சுண்டைக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. அடுப்புக்கு விற்கும் மரக்கரியே போதும், பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சில் வார்த்த கரிக்கட்டி வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், காலையில் ஒருமுறை மட்டும் தண்ணீர் ஊற்ற முடிகிறவர்கள் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்த பிறகு பயன்படுத்துங்கள். இரண்டு ஆண்டில் அது மக்கிவிடும், அப்போது முழுவதுமாக மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மாடியில் திறந்தவெளியில் இருக்கும் செடிக்கு மட்டையே வேண்டாம், கரி மட்டும் போதும்.

தொட்டி சிறியதாக இருக்கட்டும். டென்ட்ரோபியத்துக்கு நான்கு, ஐந்து அங்குலம் போதும், நெருக்கம் அதற்குப் பிடிக்கும். பக்கவாட்டில் துளை போட்ட மண்தொட்டி மிக நல்லது. நடும்போது பழைய தண்டுகள் விளிம்பை ஒட்டியும், புதுத் துளிர் வரும் பக்கம் நடுவை நோக்கியும் இருக்க வேண்டும். அடுத்த தண்டுகளுக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும். பிறகு ஒரு குச்சி நட்டு, செடியைக் கட்டுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். கடற்காற்றில் செடி ஆடிக்கொண்டே இருந்தால், புதிதாக வரும் வேர்நுனி கரியில் உரசி உரசித் தேய்ந்துபோகும். நட்டு ஆறு மாதமாகியும் வேர் பிடிக்காத செடிகளில் பெரும்பாலானவை சரியாகக் கட்டாதவை. வாண்டாவுக்குக் கலவையே வேண்டாம். பலகைக் கூடையிலோ பிளாஸ்டிக் கூடையிலோ கட்டித் தொங்கவிடுங்கள், வேர் காற்றில் நீண்டு தொங்கட்டும்.

வீட்டில் மாமரம் இருக்கிறதா? தொட்டியை மறந்துவிடுங்கள். பட்டை உரியாத மரமாக, மெல்லிய நிழல் தருவதாக இருந்தால் போதும், கொய்யா மட்டும் பட்டை உரிப்பதால் ஆகாது. புது வேர் துளிர்க்கும் செடியாகப் பார்த்து, மழை தொடங்கும் முன் தண்டோடு சேர்த்துத் தேங்காய் நார்க் கயிற்றால் அசையாமல் கட்டுங்கள். அந்த ஒரு மழைக்காலத்திலேயே வேர் பட்டையைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு கோடையில் தண்ணீர் தெளிப்பது தவிர வேலை இல்லை.

தண்ணீரில் இரண்டு விஷயம்: எவ்வளவு என்பது ஒன்று, எப்படிப்பட்டது என்பது இன்னொன்று. சென்னையில் இரண்டாவதுதான் பெரிய சிக்கல். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்ற ஊற்றக் கரியிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளை படியும், வேர்நுனி கருகும். கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 200-க்குள் இருந்தால் நிம்மதி, 500-ஐத் தாண்டினால் ஆர்க்கிடுக்கு ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, சில செடிகளுக்கு அதுவே போதும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் கூடவே கூடாது. மொத்த உப்பும் சேர்ந்து வருவது அதில்தான்.

அளவைப் பொறுத்தவரை, கரியில் இருக்கும் டென்ட்ரோபியத்துக்குக் கோடையில் தினமும் காலை ஒருமுறை. கத்திரி வெயிலில் மாலையிலும் லேசாக. தை, மாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஐப்பசி, கார்த்திகையில் வானமே பார்த்துக்கொள்ளும். வாண்டாவுக்கு ஒருமுறை தெளித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தெளியுங்கள். முதல் முறை உறை திறக்கும், இரண்டாவது முறைதான் நிறையக் குடிக்கும். வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வேரை அமிழ்த்தி வைப்பதும் நல்ல முறை. ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இரவு முழுக்கத் தேங்கினால் குருத்து அழுகும். எந்த ஆர்க்கிடானாலும் இருட்டும் முன் இலை காய்ந்துவிட வேண்டும். ஆகவே தண்ணீர் காலையில்தான்.

உரத்தில் பெரிய சூட்சுமம் இல்லை. 19:19:19 என்று கிடைக்கும் நீரில் கரையும் உரம், லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாமல், வாரம் ஒருமுறை. நான்காவது வாரம் வெறும் தண்ணீரால் நன்றாக அலசி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ மட்டும் ஊற்றுபவர்கள் மாதம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட் அரை கிராம் தனியாகக் கொடுங்கள், அந்தத் தண்ணீரில் சுண்ணச் சத்து இருக்காது. அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர், வாழைப்பழத்தோல் ஊறல் எல்லாம் ரோஜாவுக்கும் கத்தரிக்கும் இருக்கட்டும். கரித்தொட்டியில் அவை எறும்பையும் பூசணத்தையும்தான் வரவழைக்கும்.

நோய் என்று பயப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழையில். நாலைந்து நாள் விடாமல் பெய்து காற்றும் நின்றுவிட்டால், இலை அடியில் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி தோன்றி, மறுநாள் கருப்பாகப் பரவும். உடனே, அந்தக் கருப்புக்கு ஓர் அங்குலம் உள்ளே, நல்ல பச்சையில் வெட்டி எடுத்துவிட்டு, செடியை மழை படாத, காற்று வரும் இடத்துக்கு மாற்றுங்கள். மாடியில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு பிளாஸ்டிக் கூரைக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள். வெட்டும் கருவியை ஒவ்வொரு செடிக்கும் இடையில் நெருப்பில் காட்டுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை கத்தரிக்கோல் வழியாகத்தான் செடிக்குச் செடி போகின்றன, வந்துவிட்டால் மருந்து கிடையாது. மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் போதும். நத்தை இரவில் வந்து பச்சை வேர்நுனியைத் தின்னும், டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதுதான் வழி.

இனி பூ. டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்து, காய்ந்து சுருங்கின மாதிரி நிற்கும் பழைய தண்டுகளை வெட்டிவிடாதீர்கள். உணவும் தண்ணீரும் சேர்த்து வைத்திருப்பது அதில்தான். அதே மொட்டைத் தண்டின் நுனியிலிருந்து மறுபடி பூந்தண்டு வருவதுண்டு. சில நேரம் பூவுக்குப் பதில் குட்டிச்செடி முளைக்கும். அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்துத் தனியாக வைக்கலாம், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். தண்டு முழுக்க மஞ்சளாகி உள்ளே பொள்ளலானால் மட்டும் வெட்டுங்கள்.

ஃபலனாப்சிஸ் பூப்பதற்கு வெப்பம் 26, 27 பாகைக்குக் கீழே சில வாரம் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் இருக்கும்வரை இலைதான் விடும். சென்னையில் மார்கழியும் தையும் அந்த வாய்ப்பைத் தருகின்றன. இரவு 20, 21 வரை இறங்கும். அந்த இரண்டு மாதமும் செடியை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல், வெயில் படாத பால்கனி நிழலில் வையுங்கள். இலைக் கக்கத்தில் பூந்தண்டு கிளம்பும். வேரா தண்டா என்று குழம்பினால் நுனியைப் பாருங்கள், வேர்நுனி உருண்டை, தண்டின் நுனி கூராகக் கையுறை விரல் மாதிரி மடிந்திருக்கும். தண்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பி வைக்காதீர்கள், பூக்கள் கோணல்மாணலாக நிற்கும்.

குளிர்ச்சிக்குப் பூக்கும் விதத்தில் எனக்கு மிகப் பிடித்தது டென்ட்ரோபியம் குருமினேட்டம், புறா ஆர்க்கிட் என்பார்கள். சிங்கப்பூர், மலேசியா சாலையோர மரங்களில் அது தானாகத் தொற்றி வளர்கிறது. கனத்த மழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், ஏறக்குறைய ஒன்பது நாள் கழித்து, அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கின்றன. தெருவே மணக்கும். மறுநாள் எல்லாம் வாடிவிடும். மழை நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் அங்கே உண்டு.

பூ வந்தபின் அதைத் தள்ளி நின்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள். வெளியே மூன்று, உள்ளே மூன்று இதழ், உள் மூன்றில் ஒன்று மட்டும் வேறு உருவம் எடுத்துப் பூச்சி வந்து உட்காரும் திண்ணையாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது மொட்டுக்குள் மேல்பக்கம் இருந்தது. மொட்டு விரியும் முன் காம்பு அரை வட்டம் முறுக்கிக்கொண்டு அதைக் கீழே கொண்டுவருகிறது. பூக்காம்பில் அந்த முறுக்கை விரலால் தடவியே உணரலாம். நடுவில் இருக்கும் தூணின் நுனியில் ஒரு சின்ன மூடி. பல்குத்தும் குச்சியால் கீழிருந்து லேசாக நெம்பினால் மூடி கழன்று, மகரந்தம் தூளாக இல்லாமல் மஞ்சள் உருண்டையாகக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். வாடப்போகிற பூவில் மட்டும் இதைச் செய்து பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். மூடி கழன்ற பூ இரண்டொரு நாளில் வதங்கிவிடும். நன்றாக இருந்த பூவில் ஒன்று மட்டும் திடீரென்று வாடினால் தேனீ வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பூத்த செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மாம்பழம், வாழைப்பழம் இருக்கும் மேசையில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவால் மொட்டு உதிரும்.

மணத்துக்காகவும் ஒன்றாவது வையுங்கள். பிரசவோலா நோடோசா பகலில் சும்மா இருக்கும், இருட்டியதும் பால்கனி முழுக்க மணக்கும். வெப்பமும் நன்றாகத் தாங்கும். ரின்கோஸ்டைலிஸ் ரெட்யூசா நம் நாட்டுச் செடி. அசாம் பெண்கள் பிஹு ஆட்டத்தில் கொண்டையில் சூடும் கோபோ பூ அதுதான், நரிவால் மாதிரி தொங்கும்.

வாங்கும்போது பூவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தொட்டியைத் தூக்கி அடியில் வேர் பாருங்கள், தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். வேர் பிடித்த செடி அசையாது. கெட்டியான நீல நிறத்தில் விற்கும் ஃபலனாப்சிஸில் பெரும்பாலானவை தண்டில் சாயம் ஏற்றியவை, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். இணையத்தில் "ஆர்க்கிட் விதை" என்று பொட்டலத்தில் விற்பதை வாங்கவே வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு பூசணம் உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகாரில் பூசணம் இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் ஆர்க்கிட் ஆய்வகக் குடுவைகளில் பெருகி, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலைக்கு வந்தது. வீட்டுத் தொட்டியில் தூவி முளைக்காது.

மலைப்பாதைகளில் காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்கும் செடிகளையும் தொடாதீர்கள். மலையின் இரவுக் குளிருக்குப் பழகியது கீழே வந்தால் பெரும்பாலும் சாகும், காட்டில் அந்த இடம் மீண்டும் நிரம்பப் பல ஆண்டு பிடிக்கும். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பாஃபியோபெடிலம் போன்றவற்றைக் காட்டிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மலைகளின் இனங்களைப் பார்க்க வேண்டும் என்றால் ஏற்காட்டுக்குப் போங்கள். அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மலைக்குளிரில் வளர்வது எது, வீட்டுக்கு வாங்கிய டென்ட்ரோபியம் எது என்று பக்கத்தில் நின்று காட்ட வசதியாக இருக்கும்.